சருகு தின்னும் புழு நுண்ணுயிர்களை என்ன செய்கிறது? செய்து பார்த்தே தெரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

சருகை மட்க வைப்பது யார் என்று கேட்டால் பாக்டீரியாவும் பூஞ்சையும் என்று சொல்லிவிடுவோம். அது சரிதான். ஆனால் அந்தச் சருகுக்குள்ளேயே ஈக்களின் புழுக்களும் வண்டுகளின் புழுக்களும் கூட்டம் கூட்டமாக மேய்ந்துகொண்டிருக்கின்றன. அவை தின்னும் இலையில் சிறு பங்குதான் உடம்பில் சேர்கிறது. மீதி எச்சமாக வெளியே வந்துவிடுகிறது. வெளியே வரும்போது அது பழைய இலை அல்ல. அதில் குடியிருந்த நுண்ணுயிர்க் கூட்டமும் பழைய கூட்டம் அல்ல.

இந்த வழிகாட்டியில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தப் போகிறேன். புழு தின்று கழித்த சருகில் முதல் சில நாட்கள் நுண்ணுயிர்கள் மும்முரமாக வேலை செய்யும். வாரங்கள் ஓடியபின் அதே எச்சத்தில் அவற்றின் வேகம், புழு தொடாத சருகில் இருப்பதைவிடக் குறைந்துபோகும். செக் நாட்டு மண் உயிரியலாளர் யான் ஃப்ரௌஸும் அவருடைய குழுவினரும் ஆல்டர் மர இலை தின்னும் பிபியோனிட் என்ற ஈக் குடும்பத்தின் புழுக்களை வைத்து இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். முதல் பாதியை மட்டும் அளந்தவர்கள் "புழு மட்குதலை வேகப்படுத்துகிறது" என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டு பாதியையும் அளப்பதற்கான வழி இங்கே இருக்கிறது.

பள்ளி, கல்லூரி ஆய்வகத்தில் கிடைக்கும் பொருட்களே போதும்: மூடியுள்ள கண்ணாடி ஜாடிகள், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, கைலென்ஸ், சாதாரண நுண்ணோக்கி, பிஎச் மீட்டர், டைட்ரேஷன் செய்ய ப்யூரெட். தேவைப்படுவதிலேயே அருமையான பொருள் பொறுமைதான், ஏனென்றால் சோதனை குறைந்தது நான்கைந்து மாதம் ஓடவேண்டும்.

தொடங்குமுன்: புழு செய்யும் மூன்று வேலைகள்

எதை அளக்கிறோம் என்று தெரியாமல் ஜாடியைத் திறப்பதில் பயனில்லை. அதனால் முதலில் இதைப் பார்த்துவிடுவோம்.

முதல் வேலை மேய்ச்சல். புதிதாக உதிர்ந்த விறைப்பான இலையைப் பெரும்பாலான புழுக்கள் சீண்டுவதில்லை. நனைந்து, பூஞ்சை இழை ஓடி, கொஞ்சம் மெத்தென்று ஆன இலையைத்தான் தேடிப் போகின்றன. காரணம் நைட்ரஜன். பல மரங்களின் உதிர்ந்த இலையில் கார்பன்-நைட்ரஜன் விகிதம் 40க்கு மேல் இருக்கும். பூஞ்சையில் அது 10ஐ ஒட்டியும், பாக்டீரியாவில் 5ஐ ஒட்டியும் இருக்கும். ஆக, புழு இலையைத் தின்கிறது என்று நாம் சொன்னாலும், அதற்குச் சத்து கிடைப்பதில் பெரும்பங்கு இலைமேல் வளர்ந்த நுண்ணுயிர்களிடமிருந்துதான். மேய்ச்சல் லேசாக இருந்தால் பூஞ்சை, அறுத்த புல்லைப் போல மறுபடி துளிர்க்கிறது. மேய்ச்சல் மிஞ்சினால் இழை வலை அறுந்து பூஞ்சை பின்வாங்கும், காலியான இடத்தை பாக்டீரியா பிடித்துக்கொள்ளும். காளான் ஈ என்கிற சின்னஞ்சிறு கறுப்பு ஈயின் புழு பூஞ்சை இழையையே விரும்பித் தின்பது. போகிற வழியெல்லாம் பித்தியம், ஃபியூசேரியம் போன்றவற்றின் வித்துகளைச் சுமந்துபோய்ப் பரப்பவும் செய்கிறது.

இரண்டாவது வேலை குடலுக்குள் நடக்கிறது. எனக்கு இந்தப் பகுதிதான் எல்லாவற்றையும்விட வியப்பானது. சாண வண்டு குடும்பத்துப் புழுக்களிலும் சில நீள்கால் ஈக்களின் புழுக்களிலும் நடுக்குடலின் பிஎச் 10ஐத் தாண்டும். விலங்குலகில் இவ்வளவு காரமான வயிறு அரிது. இந்தக் காரம் இரண்டு காரியங்களைச் செய்கிறது. இலையிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் புரதங்களைப் பிடித்து இறுக்கி வைத்திருக்கும். காரத்தில் அந்தப் பிடி விட்டுப்போய்ப் புரதம் செரிமானத்துக்குக் கிடைக்கிறது. கூடவே, இலையோடு உள்ளே போன பூஞ்சை செல்களிலும் பாக்டீரியா செல்களிலும் கணிசமானவை உடைந்து செரிக்கின்றன.

அடுத்து பின்குடல். வண்டுப் புழுக்களில் அது பெரிய பை போல வீங்கியிருக்கும். அங்கே பிஎச் நடுநிலைக்கு அருகில் இறங்கிவிடும், ஆக்சிஜன் ஏறக்குறைய இருக்காது. நொதிக்க வைக்கும் பாக்டீரியாக்கள் அங்கே அடர்த்தியாகக் குடியிருந்து அசிட்டேட் போன்ற அமிலங்களை உண்டாக்க, புழு அவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா என்ற, பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களும் இந்தப் புழுக்கள் பலவற்றில் உண்டு. நடுக்குடலில் ஒரு கூட்டம் அழிய, பின்குடலில் வேறொரு கூட்டம் பெருகி, அந்தப் புதிய கூட்டம்தான் எச்சத்தோடு வெளியே வருகிறது. பொதுவாக எச்சத்தில் பூஞ்சையின் பங்கு குறைந்தும் பாக்டீரியாவின் பங்கு கூடியும் இருப்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது வேலை எச்சம். ஒரு தட்டையான இலை, பொடிப்பொடியாக நறுக்கப்பட்டு, ஈரமாக, இறுக்கமான உருண்டையாக மாறிவிடுகிறது. பரப்பு கூடியிருக்கிறது, பிஎச் ஏறியிருக்கிறது, அம்மோனியம் சேர்ந்திருக்கிறது. பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது, அதனால்தான் ஆரம்ப வேகம். எளிதில் கரையும் சத்து தீர்ந்ததும் நிலைமை தலைகீழாகிறது. மிச்சமிருப்பது பெரும்பாலும் லிக்னின், அதாவது இலைக்கு விறைப்புத் தரும் கடினமான பொருள். அதை உடைக்கக்கூடிய பூஞ்சைகளோ குடல் பயணத்தில் அடிபட்டுப் போயிருக்கின்றன. உருண்டையின் உள்ளே காற்றும் சரியாகப் புகாது. கூடியிருக்கும் நைட்ரஜனும் இந்தக் கட்டத்தில் உதவுவதில்லை. மட்குதலின் பிற்பகுதியில் மிகுதியான நைட்ரஜன் லிக்னின் சிதைவை மந்தப்படுத்துவது காட்டுச் சருகு ஆய்வுகளில் நன்கு பதிவான விஷயம்.

சரி, இனி செய்முறைக்குப் போகலாம்.

படி 1: புழுக்களைச் சேகரிப்பது

மரத்தடியில் மேலே காய்ந்த சருகு இருக்கும். அதை ஒதுக்கினால் ஈரமான, நிறம் மங்கிய, ஒன்றோடொன்று ஒட்டிய இலைகள் வரும். புழுக்கள் இருப்பது அங்கேதான். ஒரு வெள்ளைத் தட்டில் அந்த அடுக்கைப் போட்டு, மென்மையான தூரிகையால் இலை இலையாகப் புரட்டிப் பாருங்கள்.

சருகுப் பூச்சிகளைப் பிரிக்க எல்லாரும் சொல்வது பெர்லீஸ் புனல். அந்தோனியோ பெர்லீஸ் 1905இல் அமைத்ததை, 1918இல் ஆல்பர்ட் டல்கிரன் மின்விளக்கு வைத்து மாற்றினார். மேலிருந்து வெப்பமும் ஒளியும் இறங்க, பூச்சிகள் கீழே நகர்ந்து குப்பியில் விழும். உண்ணிகளுக்கும் வால்குதிப்பிகள் என்ற குதிக்கும் சிற்றுயிர்களுக்கும் அருமையான கருவி. ஆனால் ஈப் புழுக்களின் தோல் மெல்லியது. கீழே வந்து சேருவதற்குள் பல சருகிலேயே உலர்ந்து செத்துவிடும். உயிரோடு வேண்டுமென்றால் கையால் பொறுக்குவதுதான் நல்லது. நேரம் பிடிக்கும், ஆனால் எந்தப் புழு எந்த இலையில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதும் சேர்ந்து தெரியவரும்.

கண்ணில் படக்கூடியவை இவை:

- கறுத்த தலையும், உள்ளே குடல் கறுப்புக் கோடாகத் தெரியும் கண்ணாடி போன்ற உடம்பும் கொண்ட சிறு புழு: காளான் ஈயின் புழு.
- பழுப்பு நிறத்தில், உடம்பெல்லாம் சதைமுள் போன்ற நீட்சிகளோடு கும்பலாகக் கிடப்பது: பிபியோனிட் ஈயின் புழு. ஒரே இடத்தில் சதுர மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும், பக்கத்திலேயே ஒன்றுகூட இருக்காது.
- தோல் தடித்து, சாம்பல் நிறத்தில், தலையை உடம்புக்குள் இழுத்துக்கொள்வது: நீள்கால் ஈயின் புழு.
- வெள்ளையாக, வளைந்து, பின்பகுதி கறுத்துப் பருத்திருப்பது: வண்டின் வெள்ளைப்புழு. அந்தக் கறுப்பு, பின்குடலில் நிறைந்திருக்கும் சருகும் மண்ணும்தான்.
- மஞ்சள் பழுப்பில் கம்பி போல விறைப்பாக இருப்பது: கம்பிப் புழு. இதில் பல இனங்கள் வேரையும் மற்ற புழுக்களையும் தின்பவை, எனவே சோதனைக்கு வேண்டாம்.

ஒரே இனத்தை, ஏறக்குறைய ஒரே அளவில் எடுங்கள். கூட்டுப்புழு ஆகப்போகும் முதிர்ந்த புழுக்கள் தின்பதை நிறுத்திவிடும் என்பதால் நடுத்தர வளர்ச்சியில் இருப்பவையே நல்லவை. முதல் முறை செய்பவர்களுக்கு பிபியோனிட் புழுவையே சொல்வேன். கூட்டமாகக் கிடைக்கிறது, நன்றாகத் தின்கிறது, எச்சமும் தனித்தனி உருண்டையாக எளிதில் பிரிகிறது.

படி 2: சருகைத் தயார் செய்வது

ஒரே மரத்தின் இலையாக இருக்கட்டும். கலவையாகப் போட்டால் புழு பிடித்த இலையை முதலில் தின்றுவிடும். பிறகு கிடைக்கும் வித்தியாசம் புழுவால் வந்ததா, இலையால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது.

உதிர்ந்து சில வாரமான, பூச்சி கடிக்காத இலைகளைச் சேகரித்து, நிழலில் காற்றில் உலர்த்துங்கள். காம்புகளை நீக்கிவிடுங்கள். இரண்டு மூன்று சிறு மாதிரிகளை 60 டிகிரி செல்சியஸில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி, காற்றில் உலர்ந்த இலையில் எவ்வளவு ஈரம் மிச்சம் என்று கணக்கெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லா எடையையும் முழு உலர் எடையாக மாற்ற இது வேண்டும்.

சருகை ஆட்டோக்ளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) வைத்துக் கிருமி நீக்கிவிட்டுத் தொடங்கலாமே என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த வெப்பத்தில் இலையின் வேதியியலே மாறி, கரையும் சத்துக்கள் வெளியே வந்துவிடும். மேலும் நாம் பார்க்க விரும்புவதே இலைமேல் ஏற்கெனவே இருக்கும் கூட்டத்துக்கு என்ன ஆகிறது என்பதுதான். அதற்குப் பதிலாக, எல்லாச் சருகையும் நனைத்து, அதே இடத்து மண்ணை நீரில் கலக்கி வடிகட்டிய தெளிவை லேசாகத் தெளித்து, இருட்டில் இரண்டு வாரம் வைத்துவிடுங்கள். எல்லா ஜாடியும் ஒரே மாதிரி நுண்ணுயிர்க் கூட்டத்தோடு தொடங்கும், புழுவுக்குப் பிடித்த பதமும் வந்துவிடும்.

படி 3: நான்கு வகை ஜாடிகள்

புழு உள்ள ஜாடி, புழு இல்லாத ஜாடி என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கேள்விக்குக்கூடப் பதில் கிடைக்காது. புழு இலையை நறுக்கவும் செய்கிறது, குடலில் மாற்றவும் செய்கிறது. எது எவ்வளவு என்று பிரிக்க நான்கு வகை வேண்டும்:

அ. முழுச் சருகு மட்டும்.
ஆ. முழுச் சருகும் புழுவும்.
இ. கையால் பொடித்த சருகு, புழு இல்லை.
ஈ. புழுவின் எச்சம் மட்டும்.

இ வகையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் சோதனையின் உயிரே அதில்தான் இருக்கிறது. நுண்ணுயிர் வேகம் கூடியதற்கு வெறும் நறுக்கல்தான் காரணம் என்றால் இ-யும் ஈ-யும் ஒன்றுபோல நடக்கும். குடல்தான் காரணம் என்றால் ஈ தனியாக விலகி நிற்கும்.

அரை லிட்டர் ஜாடிக்கு உலர் எடையில் 5 கிராம் சருகு, நடுத்தர அளவுப் புழு என்றால் 10 என்று தொடங்கலாம். ஒவ்வொரு வகையிலும் ஐந்து ஜாடிகளாவது வேண்டும், ஏனென்றால் ஜாடிக்கு ஜாடி வித்தியாசம் நிறைய வரும். ஈ வகைக்கு 5 கிராம் எச்சம் கிடைப்பது கடினம், 1 கிராம் போதும். கணக்கைக் கிராமுக்கு எவ்வளவு என்று போட்டுக்கொள்ளலாம். எச்சத்துக்குத் தனியாக ஒரு பெரிய டப்பாவில் புழு வளர்த்து, மூன்று நாளுக்கு ஒருமுறை சேகரியுங்கள். நாள் தள்ளிச் சேகரித்தால் புதிய எச்சத்தின் வேகம் ஏற்கெனவே பாதி அடங்கியிருக்கும்.

படி 4: ஈரமும் வெப்பமும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சருகை ஒரு நாள் முழுக்க நீரில் ஊறவிட்டு, வடித்து, எடை பாருங்கள். அது பிடித்துக்கொண்ட நீரில் 60 சதவீதம் எல்லா ஜாடியிலும் இருக்கட்டும். பொடித்த சருகும் எச்சமும் முழு இலையைவிட அதிக நீர் பிடிக்கும், ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். வாரம் ஒருமுறை எடை பார்த்து, குறைந்த அளவுக்கு நீர் தெளித்தால் போதும். இருட்டில், ஒரே வெப்பநிலையில் வையுங்கள். புழு எங்கிருந்து வந்ததோ அந்த இடத்துச் சருகின் வெப்பநிலையை ஒட்டி இருப்பது நல்லது.

படி 5: நுண்ணுயிர் சுவாசத்தை அளப்பது

நுண்ணுயிர்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதை, அவை வெளியிடும் கார்பன் டை ஆக்சைடை வைத்து அளக்கலாம். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு சிறு குப்பியில் 20 மில்லிலிட்டர் 0.5 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஊற்றி, திறந்தபடியே ஜாடிக்குள் வைத்து, ஜாடியை இறுக்கி மூடுங்கள். வெளிவரும் வாயுவை அந்தக் காரம் பிடித்துக்கொள்ளும். சருகே இல்லாத ஒரு வெற்று ஜாடியிலும் இதேபோல ஒரு குப்பி வைக்க வேண்டும்.

24 மணி நேரம் கழித்துக் குப்பியை எடுத்து, பேரியம் குளோரைடு சேர்த்தால் வெள்ளையாகப் படியும். பிறகு இரண்டு சொட்டு ஃபீனால்ப்தலீன் விட்டு, 0.5 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் டைட்ரேட் செய்யுங்கள். இளஞ்சிவப்பு மறையும் இடம்தான் முடிவு. வெற்று ஜாடிக்குச் செலவான அமிலத்திலிருந்து சருகு ஜாடிக்குச் செலவானதைக் கழித்து, அமிலத்தின் நார்மாலிட்டியால் பெருக்கி, 22ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடு மில்லிகிராமில் வரும். வித்தியாசம் 4 மில்லிலிட்டர் என்றால் 4 × 0.5 × 22 = 44 மில்லிகிராம். கார்பனாக வேண்டுமென்றால் 22க்குப் பதில் 6, அதாவது 12 மில்லிகிராம். காரத்தில் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தால் அடுத்த முறை நேரத்தைக் குறையுங்கள். சோடியம் ஹைட்ராக்சைடு தோலையும் கண்ணையும் சுட்டுவிடும், பேரியம் குளோரைடு விஷம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்தப் படியில் இறங்க வேண்டாம்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. புழுவும் மூச்சு விடும். ஆ ஜாடியில் கூடுதலாக வரும் கார்பன் டை ஆக்சைடில் ஒரு பங்கு புழுவினுடையதே. அதை நுண்ணுயிர் கணக்கில் சேர்த்துவிட்டால் முடிவு முழுக்கத் தவறாகிவிடும். அளக்கும் நாளில் புழுக்களை மென்மையாக வெளியே எடுத்து, ஈரமான தாளில் வைத்துக் காத்திருந்து, அளந்து முடிந்ததும் திரும்ப விடுவது ஒரு வழி. புழுக்களை மட்டும் தனி ஜாடியில் வைத்து அளந்து கழிப்பது இன்னொரு வழி. முதல் வழிதான் எனக்கு நம்பகமானது, ஏனென்றால் தனியாக, பட்டினியாக இருக்கும் புழுவின் மூச்சு, தின்றுகொண்டிருக்கும் புழுவின் மூச்சுக்குச் சமமாக இருப்பதில்லை.

இன்னும் ஒரு படி மேலே போக விரும்புபவர்கள், 1978இல் ஆண்டர்சனும் டோம்ஷும் வெளியிட்ட முறையில் சருகோடு குளுக்கோஸ் சேர்த்து, அடுத்த சில மணி நேரச் சுவாசத்தை அளக்கலாம். சர்க்கரை கிடைத்தவுடன் எவ்வளவு வேகமாக மூச்சு விடுகின்றன என்பதிலிருந்து, உயிரோடு விழித்திருக்கும் நுண்ணுயிர்களின் எடையை மதிப்பிட முடியும்.

படி 6: எச்சத்தை அருகில் பார்ப்பது

எண்களை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் என்ன நடக்கிறது என்பது பிடிபடாது. ஆ ஜாடியிலிருந்து ஒரு இலையை எடுத்துக் கைலென்ஸில் பாருங்கள். நரம்பையும் கிளை நரம்பையும் விட்டுவிட்டு இடையிலுள்ள மென்சதை மட்டும் தின்னப்பட்டிருக்கும், இலை வலையாக நிற்கும். அதன்கீழே கறுத்த, நீள்வட்ட உருண்டைகள் குவிந்திருக்கும். புதியவை ஈரப் பளபளப்போடு இருக்கும். சில நாள் கழிந்தவற்றின்மேல் வெள்ளைப் பூஞ்சை நூல் ஓடத் தொடங்கியிருப்பதைப் பார்க்கலாம்.

ஒரு உருண்டையைக் கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு நீரில் ஊசியால் மெல்லப் பிரித்து, லாக்டோஃபீனால் காட்டன் புளூ என்ற சாயம் விட்டு 400 மடங்கில் பாருங்கள். பூஞ்சை இழைகள் நீலமாகத் தெரியும். புது எச்சத்தில் துண்டு துண்டான, உள்ளே ஒன்றுமில்லாத இழைகள் கிடக்கும். நடுக்குடலைத் தாண்டி வந்தவை அவை. தடித்த சுவருள்ள வித்துகள் பல முழுசாகவே இருக்கும். பத்துப் பார்வைப் பரப்புகளில் நிறைந்த இழை எத்தனை, வெற்று இழை எத்தனை என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அதே எண்ணிக்கையைப் பழைய எச்சத்திலும் தின்னாத இலையிலும் செய்தால், பூஞ்சை எப்போது திரும்பி வருகிறது என்பது கையில் வந்துவிடும்.

பிஎச் பார்ப்பது எளிது. உலர் எடையில் ஒரு பங்கு பொருளுக்குப் பத்துப் பங்கு காய்ச்சி வடித்த நீர், நன்றாகக் குலுக்கி அரை மணி நேரம் வைத்து மீட்டரை விடுங்கள். எச்சத்தின் பிஎச் இலையைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதே, பாக்டீரியா ஏன் அங்கே முந்திக்கொள்கிறது என்பதற்குப் பாதிப் பதில்.

வசதி இருந்தால் பூஞ்சை எவ்வளவு என்று காட்டும் எர்கோஸ்டெரால் (பூஞ்சையின் செல் சவ்விலுள்ள பொருள்) அளவையும், கூட்டத்தின் முழுப் பட்டியலுக்கு 16எஸ் (பாக்டீரியாவை அடையாளம் காட்டுவது), ஐடிஎஸ் (பூஞ்சையை அடையாளம் காட்டுவது) மரபணு வரிசைகளையும் ஆய்வகங்களில் செய்துகொள்ளலாம். ஆனால் பட்டியல் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும், யார் வேலை செய்கிறார்கள் என்று சொல்லாது. சுவாச அளவு இல்லாமல் பட்டியலை மட்டும் வைத்து முடிவெழுத வேண்டாம்.

படி 7: நிறுத்தாமல் தொடர்வது

முதல் பதினைந்து நாட்கள் மூன்று நாளுக்கு ஒருமுறை, பிறகு மூன்று மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் மாதம் ஒருமுறை அளந்தால் போதும். வரைபடம் போட்டுப் பாருங்கள். ஈ ஜாடியின் கோடு உயரத்தில் தொடங்கி வேகமாகச் சரியும். அ ஜாடியின் கோடு தாழ்வாகத் தொடங்கி மெதுவாக இறங்கும். எங்கோ ஒரு இடத்தில் இரண்டும் வெட்டிக்கொள்ளும். அந்த நாளுக்கு முன்னால் நிறுத்தியவர் ஒரு முடிவுக்கு வந்திருப்பார், பின்னால் நிறுத்தியவர் அதற்கு நேர் எதிரான முடிவுக்கு. வெட்டும் நாள் இலையைப் பொறுத்தும் வெப்பத்தைப் பொறுத்தும் மாறும், ஆகவே மற்றவர்கள் சொன்ன நாளை நம்பாமல் உங்கள் கோட்டையே பின்தொடருங்கள்.

கோடுகள் வெட்டியபின் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். பழைய எச்சத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அப்படியே வைத்து, மறுபாதியின் உருண்டைகளை விரலால் நசுக்கிவிடுங்கள். நசுக்கியதில் சுவாசம் சட்டென்று ஏறினால், சத்து உள்ளேயே இருந்திருக்கிறது, இறுக்கமான உருண்டைதான் அதைக் காத்து வைத்திருக்கிறது. ஏறவில்லை என்றால் மிச்சமிருக்கும் பொருளே கடினமானது என்று பொருள்.

படி 8: ஜாடியிலிருந்து மரத்தடிக்கு

ஜாடியில் மழை கிடையாது, மண்புழு கிடையாது, வேர் கிடையாது. அதனால் வெளியிலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வழக்கமான வழி சருகுப் பை. எடை தெரிந்த சருகை நைலான் வலைப்பையில் போட்டு மரத்தடியில் கிடத்திவிட்டு, அவ்வப்போது சில பைகளை எடுத்து மிச்ச எடை பார்ப்பார்கள். 1950களிலிருந்தே புழக்கத்தில் இருக்கும் முறை. வலையின் துளை 0.1 மில்லிமீட்டர் என்றால் நுண்ணுயிர்களும் மிக நுண்ணிய விலங்குகளும் மட்டும் புகும். 2 மில்லிமீட்டர் என்றால் உண்ணிகளும் வால்குதிப்பிகளும் சிறு புழுக்களும் சேரும். 5 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் பெரிய புழுக்களும் மண்புழுவும் வந்துவிடும்.

குறை என்னவென்றால், பெரிய துளைப் பையில் எடை அதிகம் குறைந்தால் அது புழுவின் வேலை என்று சொல்லிவிட முடியாது. மண்புழுவாகவும் இருக்கலாம், பொடிந்த துண்டு துளை வழியே விழுந்திருக்கவும் கூடும். நுண்துளைப் பையில் ஈரமும் கொஞ்சம் அதிகமாகத் தங்கும். அதனால் நான் சொல்வது: எல்லாப் பையையும் நுண்துளையிலேயே தைத்து, பாதிப் பைகளில் மட்டும் எண்ணி எடுத்த புழுக்களை உள்ளே விட்டு மூடுங்கள். வலை ஒன்றே, ஈரமும் ஒன்றே. வித்தியாசம் வந்தால் அது புழுவால் வந்தது. புழு கூட்டுப்புழுவாகும் காலம் வந்ததும் பையைத் திறந்து பார்த்து, எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளவும் வேண்டும். செத்த புழு அதே பையில் மட்கி நைட்ரஜனைக் கூட்டிவிடும்.

திரும்ப எடுத்த சருகில் மண் ஒட்டியிருக்கும். கழுவினால் சத்து போய்விடும், கழுவாவிட்டால் மண்ணின் எடையும் சேரும். இதற்கு வழி, உலர்த்திப் பொடித்த ஒரு பகுதியை 550 டிகிரியில் நான்கு மணி நேரம் எரித்து, சாம்பலின் எடையைக் கழிப்பது. புழு மண்ணையும் சேர்த்துப் புரட்டும் என்பதால் புழு உள்ள பைகளில் இந்தத் திருத்தம் இல்லாமல் எந்த எடையையும் நம்பக்கூடாது.

படி 9: கணக்கு

ஜெர்ரி ஓல்சன் 1963இல் முன்வைத்த எளிய சூத்திரம் இன்றும் போதுமானது. தொடக்க எடையை மிச்ச எடையால் வகுத்து, அதன் இயல் மடக்கை எடுத்து, நாட்களால் வகுத்தால் சிதைவு மாறிலி வரும். 10 கிராம் சருகு 180 நாளில் 6 கிராம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். 10 ÷ 6 = 1.667, அதன் இயல் மடக்கை 0.511, அதை 180ஆல் வகுத்தால் நாளுக்கு 0.00284. ஆண்டுக்கு என்றால் சுமார் 1.04. பாதி எடை குறைய ஆகும் காலம் 0.693 ÷ 0.00284, அதாவது ஏறக்குறைய 244 நாள்.

இந்தச் சூத்திரம் வேகம் எப்போதும் ஒரே விகிதத்தில் இருப்பதாக வைத்துக்கொள்கிறது. நாம் பார்க்கும் விஷயத்திலோ வேகம் நடுவில் மாறுகிறது. எனவே முழுக் காலத்துக்கும் ஒரே மாறிலி போடாமல், கோடுகள் வெட்டிக்கொண்ட நாளுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டு போடுங்கள். புழு உள்ள பையில் முன்னது பெரிதாகவும் பின்னது சிறிதாகவும், புழு இல்லாத பையில் இரண்டும் நெருக்கமாகவும் வந்தால் ஜாடியில் கண்டது வெளியிலும் நடக்கிறது.

படி 10: முடிவைப் படிப்பது

இ-யும் ஈ-யும் ஆரம்பத்தில் சேர்ந்தே உயர்ந்து, பிறகு ஈ மட்டும் அ-வுக்குக் கீழே இறங்கினால், ஆரம்ப வேகத்துக்கு நறுக்கலும், பின்னால் வந்த மந்தத்துக்குக் குடலும் உருண்டையும் காரணம் என்று படிக்கலாம். ஈ ஆரம்பத்திலேயே இ-யைவிட வெகு உயரத்தில் இருந்தால், காரத்தில் விடுபட்ட புரதமும் அம்மோனியமும் வேலை செய்கின்றன; டானின் மிகுந்த இலைகளில் இதை எதிர்பார்க்கலாம். ஆ ஜாடியில் எதுவுமே மாறவில்லை என்றால், புழு தின்னாமல் இருந்திருக்கலாம். எச்சம் எவ்வளவு என்று எடை போட்டுப் பாருங்கள்.

புழுக்களின் எண்ணிக்கையையும் மாற்றிப் பார்ப்பது நல்லது. குறைவாக இருக்கும்போது பூஞ்சையைத் தூண்டிவிடும் அதே புழு, கூட்டம் பெருகினால் அதை ஒடுக்கிவிடும். ஜாடிக்கு 3, 10, 30 என்று மூன்று அடர்த்தி வைத்தால் அந்த வளைவு தெரியும். 30 புழு வைத்த ஜாடியில் சருகு சீக்கிரம் தீர்ந்து, புழுக்கள் எச்சத்தையே மறுபடி தின்னத் தொடங்கும். அங்கே எண்களைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

இன்னொன்று மண். மேலே சொன்ன எல்லா ஜாடியிலும் சருகு மட்டுமே இருந்தது. வெளியில் வெள்ளைப்புழுக்கள் எச்சத்தைக் களிமண்ணோடு கலந்து கீழே இறக்குகின்றன. களிமண் துகளோடு ஒட்டிய கரிமப்பொருளை நுண்ணுயிர்கள் எட்டுவது இன்னும் கடினம். ஜாடியின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் சலித்த மண் போட்டு அதே சோதனையை மறுபடி ஓட்டினால், மேலே சருகில் குறைந்த கார்பனில் எவ்வளவு காற்றுக்குப் போனது, எவ்வளவு மண்ணில் தங்கியது என்று பிரித்துப் பார்க்கலாம். மண்ணை 0.25 மில்லிமீட்டர் சல்லடையில் ஈரத்தோடு சலித்து, மேலே தங்கும் கட்டிகளை மட்டும் எடுத்து எரித்துப் பார்த்தால், புழு இருந்த ஜாடியில் அந்தக் கட்டிகளுக்குள் எவ்வளவு கரிமப்பொருள் ஒளிந்திருக்கிறது என்பதும் எடையாகவே கிடைத்துவிடும்.